மன்னரின் முப்பாட்டனைத் தேடிப் போன நல்லமங்கை

காஞ்சிரநாட்டு மன்னர் வீரகண்ட பூபதிக்கு ஒரு நாள் திடீரென்று ஆசை வந்துவிட்டது. புதிதாகக் கட்டிய கொலுமண்டபத்தின் வாசலில் தம் வம்ச வரலாற்றைக் கல்லில் செதுக்கி வைக்க வேண்டுமாம்.

ஆசைப்பட்டவருக்குத் தம் தாத்தாவின் பெயர்வரைதான் தெரியும்!

அவைப்புலவர் கற்பகநாதர் இருக்கும்போது என்ன கவலை? ஒரே வாரத்தில் நூறு பாட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டார். முதல் பாட்டிலேயே மன்னரின் மூதாதை சூரியனிலிருந்து குதித்து இறங்கினார். மன்னர் பூரித்துப் போனார். அவையே கைதட்டியது.

கைதட்டாதவர் ஒருவர்தான். கிழக்கே இருந்த தாழையூர் நாட்டின் தூதர் இளங்காரியார். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அரசே, சூரியன் தினமும் எங்கள் ஊரைத் தாண்டித்தானே உங்கள் ஊருக்கு வருகிறது? அப்படியானால் நீங்கள் எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டீர்களே!"

மன்னரின் முகம் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்தது. அரண்மனைச் சுவடிகளைக் காத்துவந்த நல்லமங்கையைக் கூப்பிட்டார்.

"நல்லமங்கை! என் மூதாதை யார் என்று பதினைந்து நாளில் கண்டுபிடி. தாழையூர் மன்னர்கள் அவருக்கு நன்றிக்கடன் பட்டவர்களாக இருக்க வேண்டும். அதை இதோ இந்தத் தூதரே தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சொல்கூடப் பொய் இருக்கக் கூடாது. தவறினால் உன் தலை உனக்கில்லை!"

புலவருக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். தொலைந்தாள் என்று நினைத்துக்கொண்டார்.

நல்லமங்கை சுவடி அறைக்கு ஓடினாள். தாத்தா காலத்துக்கு முந்திய ஓலைகளைக் கரையான் விருந்து வைத்துத் தின்றிருந்தது. ஓலை போனால் என்ன, ஊர் இருக்கிறதே என்று தெருவில் இறங்கினாள்.

முதலில் நாவிதர் சடையனைப் பார்த்தாள். அவர் குடும்பம்தான் அரண்மனைக்குப் பரம்பரையாகச் சவரம் செய்துவந்தது.

"எங்க கொள்ளுத்தாத்தா சொன்னதா எங்க அப்பா சொல்வாரு தாயி," என்றார் சடையன். "மன்னரோட முப்பாட்டன் கிழக்கேயிருந்து தன்னந்தனியா வந்தாராம். முதல் தடவை முடி வெட்டுறப்ப, தலையெல்லாம் ஒரே புகை நாத்தமாம்!"

அடுத்து குயவர் தெருவுக்குப் போனாள். அங்கே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த செங்காத்தாள், கேட்டவுடன் சிரித்தாள்.

"அவரா? சாத்தன்னு பேராம். வந்த அன்னைக்கே எங்க வீட்டுல நாப்பது பானை வாங்கினாராம். ஒண்டிக்கட்டை மனுஷனுக்கு நாப்பது பானை எதுக்குன்னு ஊரே சிரிச்சுதாம். அந்த வருஷம்தான் பெரிய பஞ்சம். நாப்பது பானையிலயும் கஞ்சி காய்ச்சி ஊத்தினாராம். உசுரு பொழைச்ச சனமெல்லாம் சேர்ந்து, நீங்களே எங்களை ஆளுங்க சாமின்னு உட்கார வெச்சுட்டாங்க."

புகை நாற்றம். நாற்பது பானை. கிழக்கு. நல்லமங்கை வண்டி கட்டிக்கொண்டு நேரே தாழையூர் போனாள்.

அங்கே பெரிய கோயிலில் பழைய அரண்மனை ஓலைகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஓலைக்காப்பாளர் மூன்று நாள் கட்டுக்கட்டாக அவிழ்த்துக் காட்டினார். நான்காம் நாள் அவள் தேடிய ஓலை கிடைத்தது.

"சாத்தன். அரண்மனைத் தலைமைச் சமையல்காரன்."

நல்லமங்கையின் கை தானாகக் கழுத்தைத் தடவிப் பார்த்தது. சமையல்காரரா? இதைக் கொண்டுபோய் மன்னரிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த வரியைப் படித்தாள். அதற்கடுத்த வரியையும் படித்தாள். அவ்வளவுதான்! கோயில் தூண்கள் அதிரச் சிரித்தாள். ஓலையோடு ஓலைக்காப்பாளரையும் சாட்சிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் அவை நிரம்பி வழிந்தது. உளியோடு சிற்பி காத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் வாளோடு ஒருவன் காத்திருந்தான்.

"சொல்," என்றார் மன்னர்.

"அரசே, தங்கள் முப்பாட்டனார் பெயர் சாத்தனார். தாழையூர் மன்னர்கள் மூன்று தலைமுறையாக அவர் போட்ட உப்பைத் தின்று வளர்ந்தவர்கள்!"

மன்னர் ஆசனத்திலிருந்து துள்ளி எழுந்தார். "எங்கள் உப்பைத் தின்றவர்களா?"

தூதர் இளங்காரியார் அவள் கையிலிருந்த ஓலையைப் பிடுங்கிப் படித்தார். "அரசே, ஏமாறாதீர்கள்! இந்தச் சாத்தன் எங்கள் அரண்மனைச் சமையல்காரன்!"

புலவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். மன்னரின் பார்வை வாள்காரன் பக்கம் திரும்பியது.

நல்லமங்கை பதறவில்லை. "தூதர் ஐயா, இது உங்கள் கோயில் ஓலைதானே?"

"ஆமாம். உங்களோடு வந்திருப்பவர் எங்கள் ஓலைக்காப்பாளர்தான்."

"உங்கள் மன்னர்கள் மூவரும் சாத்தனார் சமைத்ததைச் சாப்பிட்டார்களா, பட்டினி கிடந்தார்களா?"

"சாப்பிட்டார்கள்."

"அதில் உப்பு இருந்ததா?"

தூதர் விழித்தார். "இருந்தது."

"அப்படியானால் அவர் உப்பைத் தின்றது உண்மை?"

"...உண்மை." சொன்ன பிறகுதான் தூதருக்கு உறைத்தது. ஆத்திரத்தில் கத்தினார். "ஆனால் அவனை நாங்கள் நாட்டைவிட்டே மேற்கே துரத்தினோம்!"

"எதற்காக?"

தூதர் ஓலையைப் பார்த்தார். சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"படியும்!" என்று மன்னர் உறுமினார்.

"குழம்பில்... உப்பை அள்ளிக் கொட்டியதற்காக."

"கேட்டீர்களா அரசே!" நல்லமங்கை இரண்டு கைகளையும் விரித்தாள். "மற்றவர்கள் உப்பைத் தின்றால் ஏதோ அளவோடு தின்பார்கள். இவர்கள் அளவுக்கு மீறித் தின்றவர்கள். அப்படியென்றால் நன்றியும் அளவுக்கு மீறி இருக்க வேண்டாமா? துரத்திவிட்டார்கள்! அவரோ இங்கே வந்து பஞ்சத்தில் நாற்பது பானை கஞ்சி ஊற்றி நம் ஊரைக் காப்பாற்றினார். அதற்குக் குயவர் தெருவே சாட்சி!"

மன்னரின் வயிறு குலுங்கியது. தோள் குலுங்கியது. கிரீடம் நழுவிக் கீழே உருண்டது. அவர் சிரிக்க, அவை சிரிக்க, வாள்காரனும் வாளைத் தரையில் போட்டுவிட்டுச் சிரித்தான்.

"சூரியன் யாருக்குக் கஞ்சி ஊற்றியது? எனக்கு என் சமையல்கார முப்பாட்டனே போதும்! சிற்பியே, நாற்பது பானையையும் சேர்த்துச் செதுக்கு!" என்றார். தம் முத்துமாலையைக் கழற்றி நல்லமங்கைக்குப் போட்டார். சடையனுக்கும் செங்காத்தாளுக்கும் வேட்டியும் பட்டுச்சேலையும் போயின. புலவருக்கு வேறு வேலை கிடைத்தது. சூரியனைத் தூக்கிவிட்டு நூறு பாட்டிலும் அடுப்பை வைக்க வேண்டுமாம்.

"தூதரே, நீங்களும் விருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்," என்றார் மன்னர்.

இளங்காரியார் ஏற்கெனவே வாசற்படியில் நின்றார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"மன்னிக்க வேண்டும் அரசே! தின்ற உப்புக்கே எங்களால் பதில் சொல்ல முடியவில்லை!"