பானைக்குள் இரண்டு கை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் மூன்று வருஷமாக மழை இல்லை. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர் யாராவது என்னோடு மல்லுக்கு நிற்பார். ராஜா கெட்டவரல்ல, தமக்குத் தோன்றியதெல்லாம் சட்டம் என்று நினைப்பவர், அவ்வளவுதான். வற்றிப்போன ஏரிக்குள் வட்டமாகப் பத்துக் கஞ்சிக் கொட்டகை போடச் சொன்னார். ஒவ்வொன்றிலும் நூறு பேருக்குக் கஞ்சி. வந்தவர்கள் ஆயிரம் பேர். சரியாகத்தானே இருக்கிறது என்பீர்கள்.

முதல் நாள் அவரவர் இஷ்டத்துக்கு விட்டார்கள். மூன்றாம் கொட்டகையில் கூட்டமே இல்லை என்று எவனோ கத்தினான். அத்தனை பேரும் அங்கேயே ஓட, நெரிசலில் நாலு பேர் செத்தார்கள்.

உடனே பிரதானி சங்கரலிங்கம் ஒரு யோசனை சொன்னார். ஏரிக்கரையில் ஒரு பானை வைப்பது. அதற்குள் பத்துக் கொட்டகைக்கும் பத்து ஓலை. வருகிறவர் பானைக்குள் கை விட வேண்டியது, வந்த ஓலை காட்டும் கொட்டகைக்குப் போக வேண்டியது, ஓலை மறுபடி பானைக்குள். அதிர்ஷ்டம் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாது, கூட்டம் தானாகச் சமமாகிவிடும் என்றார். ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. கட்டளையைக் கல்லில் வெட்டிக் கரையிலேயே நட்டுவிட்டார்.

அதிர்ஷ்டமாவது, சமமாகப் பங்கு போடுவதாவது. ஒரு நாள் ஏழாம் கொட்டகைக்கு நூற்று இருபத்தைந்து பேர் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் கொட்டகைக்கு எண்பது பேர். ஏழில் இருபத்தைந்து பேர் வெறும் சட்டியோடு திரும்பினார்கள். இரண்டில் மிஞ்சின கஞ்சி புளித்து வாய்க்காலுக்குப் போயிற்று. மறுநாள் வேறு கொட்டகையில் இதே கூத்து. எனக்கு இதைச் சொல்லவே வயிறு எரிகிறது.

அந்த இருபத்தைந்தில் ஒருவன், அரண்மனை விகடகவி கூத்தபிரானின் தங்கை பேச்சாயிக்குப் புருஷன். அரண்மனைத் தானியம் ஒரு பிடிகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு, அதனால் தங்கை குடும்பமும் கஞ்சிக்குத்தான் வந்தது. முந்தின நாளும் அவனுக்குக் கஞ்சி கிடைக்கவில்லை. கரையேறும்போது உட்கார்ந்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை. இரண்டு பிள்ளைகளோடு பேச்சாயி நின்றாள்.

கூத்தபிரானோ பானை வைத்த நாலு நாளும் சபையில் அதைப் பற்றிப் பரிகாசம் பேசிக்கொண்டிருந்தார். பிரதானி வேலையையும் பானையிடமே கொடுத்துவிடலாம், கஞ்சி மிச்சம் என்று அவர் சொன்னதற்குச் சபையே சிரித்தது. மைத்துனனை எரித்துவிட்டு வந்த அன்றும் பேசினார். அது அவர் பிழைப்பு, என்ன செய்ய.

பிரதானி இதற்காகவே கறுவிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் ராஜாவிடம் போய், குறை சொல்லத் தெரிந்தவருக்கு நிவர்த்தியும் தெரிந்திருக்கும் என்று ஊதிவிட்டார். ராஜா கூத்தபிரானை அழைத்தார்.

"கல்லில் வெட்டிய கட்டளை மாறக் கூடாது. ஆள் எண்ணக் கூடாது, சேவகரை விட்டு விரட்டவும் கூடாது. நாளை ஒரு கொட்டகையில் பசியும் இன்னொன்றில் மிச்சமும் இருந்தால் உமது தலை இருக்காது."

கூத்தபிரான் அன்று சிரிக்கவில்லை. ஏரிக்கரைக்குப் போய்ப் பொழுது சாயும்வரை கல்லையும் பானையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் பானைக்குப் பக்கத்தில் போய் நின்றார். வந்த ஒவ்வொருவரிடமும் இரண்டு கையையும் உள்ளே விடச் சொன்னார். கைக்கு ஒன்றாக இரண்டு ஓலை வந்தது. கரையில் நின்று பார்த்தால் பத்துக் கொட்டகையும் தெரியும். அந்த இரண்டு கொட்டகையை மட்டும் பார், வரிசை குட்டையாக இருக்கிற இடத்துக்குப் போ என்றார். வேறு ஒன்றும் செய்யவில்லை. உச்சிப்பொழுதில் ஏழில் நூற்றிரண்டு பேர், இரண்டில் தொண்ணூற்றெட்டு. ஏழில் கஞ்சி ஊற்றுகிறவன் அடியைச் சுரண்டிச் சமாளித்துவிட்டான். வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

பிரதானி பாய்ந்து வந்து, கட்டளையை மீறிவிட்டார், ஆளுக்கு இரண்டு ஓலை கொடுத்துவிட்டார் என்றார்.

"மீறவில்லை, மகாராஜா," என்றார் கூத்தபிரான். "கை விட வேண்டும் என்றுதான் கல்லில் இருக்கிறது. எத்தனை கை என்று பிரதானியார் வெட்டச் சொல்லவில்லை. கடவுள் ஆளுக்கு இரண்டு கொடுத்திருக்கிறார்."

அப்படியானால் பத்தையும் பார்த்துப் போகச் சொல்லியிருக்கலாமே என்று ராஜா கேட்டார். பத்தையும் பார்த்தால் எல்லாரும் ஒரே கொட்டகைக்கு ஓடுவார்கள், அதை முதல் நாளே பார்த்தாயிற்று, இரண்டே போதும் என்றார் கூத்தபிரான்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பஞ்சம் வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. தம் கையில் இருந்த தங்கக் காப்பைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். பிரதானியின் முகம் செத்துப்போயிற்று.

காப்போடு கூத்தபிரான் தங்கையைத் தேடிப் போனார். பேச்சாயி ஐந்தாம் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து சின்னவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். காப்பைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"அண்ணே, இந்த ரெண்டு கை விஷயம் உனக்கு எப்பத் தோணிச்சு?"

"நேத்து சாயங்காலம். தலை போயிரும்னு ராஜா சொன்ன பொறவு."

அவள் சின்னவனுக்கு இன்னொரு வாய் ஊட்டினாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்.

"அவரு பட்டினி கெடந்தப்பத் தோணலையா அண்ணே?"