மூன்றாம் தடவை கேட்காத ஊர்

ஒரு காட்டில், அதுவும் நிழலைவிட முள் அதிகமாக இருக்கும் கருவேலங்காட்டில், ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் இருந்தது. தவிட்டுக்குருவியைப் பார்த்திருக்கிறீர்களா, கண்ணுகளா? தவிட்டு நிறம், வெளுத்த கண், மூடாத வாய். ஒன்று பேசினால் எல்லாம் பேசும். ஒன்று தும்மினால் எல்லாம் நலம் விசாரிக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்துக்குப் போன இடத்தில், கேட்ட உடனே சாப்பிட்டுவிடக் கூடாது.

"புழு இருக்கு, சாப்பிடுறியா?"

"ஐயோ, வேண்டாம் மதினி. இப்பத்தான் சாப்பிட்டேன்."

"அட, ஒரே ஒரு புழு!"

"வயித்துல இடமே இல்ல மதினி."

"நீ சாப்பிடலைன்னா நான் கோவிச்சுக்குவேன்!"

இப்படி மூன்றாம் தடவை கேட்ட பிறகுதான் அலகைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு எத்தனை புழு உள்ளே போகிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் முதல் தடவையே "சரி, கொடு" என்று சொல்லிவிட்டால் போச்சு. சாப்பாட்டுக்கு அலைகிற "பறக்காவெட்டி" என்ற பட்டம் பேரன் பேத்தி காலம் வரைக்கும் நிற்கும்.

அந்தக் கூட்டத்திலேயே மரியாதை தெரிந்தவள் என்று பெயர் எடுத்தவள் தவிட்டாயி. அவள் பசி மயக்கத்தில் விழுந்தாலும், "வேண்டாம் மதினி" என்று சொல்லிவிட்டுத்தான் விழுவாள்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மறு வருஷமும் ஏமாற்றியது. புழு பூச்சி குறைந்தது. அப்போது குளத்துக்கு வந்த ஒரு வாத்து, "கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மரநகரம் இருக்கு. கிளையெல்லாம் பழம், மண்ணெல்லாம் புழு" என்று சொல்லிவிட்டுப் போனது.

"நான் போய்ப் பிழைச்சுக்கிறேன்" என்றாள் தவிட்டாயி.

"அங்கே குளிருமாம்டி!" என்றது ஒன்று.

"குளிர்னா என்ன?" என்றது இன்னொன்று.

"தெரியல. ஆனா ரொம்பக் குளிருமாம்!"

தவிட்டாயி ஒரு கப்பலில் கேழ்வரகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வழியெல்லாம் கொறித்துக்கொண்டே, கடலைத் தாண்டிப் போய் இறங்கினாள்.

அப்பப்பா, என்ன ஊர் அது! ஒவ்வொரு மரமும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கும் உயரம். மரத்துக்கு மரம் மாடி மாடியாகப் பொந்து. பொந்துக்குப் பொந்து கதவு. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. வானம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. சூரியன் இருந்தது, ஆனால் அடுப்பு அணைந்த பிறகு இருக்கும் கரி மாதிரி பேருக்குத்தான் இருந்தது. மரங்களோ, வேர் அழுகினது போல இலையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தன.

"ஊரே எங்கேயோ கல்யாணத்துக்குப் போயிடுச்சு போல" என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் எல்லாரும் உள்ளேதான் இருந்தார்கள். சத்தம்தான் இல்லை.

ஒரு பெரிய ஓக் மரத்தடியில் ஒரு கரடி இலை கூட்டிக்கொண்டிருந்தது. அந்த மரத்துக்கு அதுதான் காவல்காரர். சுற்றி வளைக்காமல் நேராகப் பேசுகிற கரடி.

"வணக்கம் மாமா!" என்றாள் தவிட்டாயி.

கரடி தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தது. "யாரைக் கூப்பிடறே?"

"உங்களைத்தான் மாமா."

"நான் உங்க அம்மா கூடப் பிறந்தேனா?"

"இல்லை மாமா."

"உங்க அத்தையைக் கட்டியிருக்கேனா?"

"அதுவும் இல்லை மாமா."

கரடி வெகுநேரம் யோசித்தது. "சரி, மாமாவாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கூட்டத் தொடங்கியது.

அதே மரத்தின் வேரடியில் ஒரு முயல் குடியிருந்தது. நல்ல மனசு, ஆனால் சட்டென்று முகம் வாடிவிடும். புதிதாக வந்தவளைப் பார்த்ததும் உள்ளே அழைத்து உட்காரவைத்தது. அடுப்பில் கேரட் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வாசனையிலேயே தவிட்டாயியின் குடல் எழுந்து நின்றது.

"சூப் சாப்பிடறியா?" என்றது முயல்.

"ஐயோ, வேண்டாம் முயலக்கா. இப்பத்தான் கப்பல்ல சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு, தவிட்டாயி இரண்டாம் தடவைக்காக வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"சரி" என்றது முயல். சட்டியை மூடி வைத்துவிட்டு, தன் கிண்ணத்தை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தது.

தவிட்டாயி காத்திருந்தாள். இருமிப் பார்த்தாள். "நல்ல வாசனை" என்று சொல்லிப் பார்த்தாள். "ஆமாம், நல்லா இருக்கு" என்று சொல்லி முயல் கடைசிச் சொட்டையும் நக்கியது.

வெளியே வந்ததும் தவிட்டாயிக்கு அழுகை முட்டியது. "என்ன ஊருடா இது! ஒரு தடவை கேட்டா போதுமா? கல்நெஞ்சுக்காரங்க!"

உள்ளே முயலும் முகம் வாடி உட்கார்ந்திருந்தது. "வெளியூர்க்காரிக்கு எவ்வளவு கர்வம்! நம்ம சூப்பை நக்கிக்கூடப் பார்க்கலையே."

இதையெல்லாம் புதருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது ஒரு நரி. அது அங்கே இங்கே ஊர் சுற்றின நரி. விஷயம் அதற்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"தங்கச்சி!" என்று வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது. "நீ சொல்றது சரி. இந்த ஊர்க்காரங்க அப்படித்தான். ஆனா நீ மட்டும் வாய் திறந்து கேட்டுடாதே. உங்க ஊர் மானம் என்ன ஆகும்? நாளைக்கு அணில் வீட்டுல விருந்து. நான் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"வேற்றூர்ல எனக்கு ஒரு அண்ணன் கிடைச்சாரே!" என்று தவிட்டாயி உருகிப்போனாள்.

அணில் வீட்டு விருந்தில் அவள் முன்னால் வறுத்த கொட்டை வந்தது. "வேண்டாம்" என்றாள். "தங்கச்சிக்கு வேண்டாமாம். வீணாப் போக வேண்டாம், இப்படி வைங்க" என்று நரி தன் இலையைக் காட்டியது. நீர்நாய் வீட்டு விருந்தில் மீன். அதுவும் அப்படியே நரியின் இலைக்குப் போனது. ஊரில் எங்கே விருந்து என்றாலும் நரி தங்கச்சியோடு போகும், இரண்டு பங்கோடு திரும்பும். நரியின் வயிறு உருண்டு திரண்டது. தவிட்டாயி நின்றால் நிழல்கூட விழாத அளவுக்கு இளைத்துப்போனாள். விருந்து முடிந்த பிறகு இலைக்குவியலைக் கிளறி, ஒன்றிரண்டு புழுவைத் தின்று உயிரை வைத்திருந்தாள்.

ஒருநாள் கரடி வந்து நின்றது.

"இதோ பார். முதல் பனி விழுற அன்னிக்கு மரத்துக் கதவைச் சாத்திட்டு நான் தூங்கிடுவேன். அப்புறம் வசந்தத்துலதான் முழிப்பேன். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். வெளியில இருக்கிற சின்ன உசுரு விறைச்சுப் போயிடும். மேல ஒரு அறை காலியா இருக்கு. வேணுமா?"

தவிட்டாயியின் நெஞ்சு "வேணும், வேணும்" என்று அடித்துக்கொண்டது. அலகு என்ன சொன்னது தெரியுமா?

"எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்? பரவாயில்லை, வேண்டாம்."

"சரி" என்றது கரடி. போய்விட்டது.

மறுநாள் நரி போய், "மாமா, அந்த அறை எனக்கு. பழ வத்தல் போட்டு வைக்கணும்" என்றது. "சரி" என்றது கரடி.

குளிர் நாளுக்கு நாள் ஏறியது. தவிட்டாயிக்கு ஒரு வீம்பு பிறந்தது. "சாகிறதுக்கு முன்னாடி, விருந்து வைக்கிறதுன்னா என்னன்னு இந்த ஊருக்குக் காட்டிட்டுச் சாகிறேன்!" நகர எல்லை வரை பறந்து, சிவப்புப் பழக்கொத்து ஒன்றைக் கண்டுபிடித்து இழுத்து வந்தாள். அதில் ஒன்றைக்கூட வாயில் போடாமல் முயலை விருந்துக்கு அழைத்தாள்.

முயல் கொஞ்சம் சாப்பிட்டது. "போதும்" என்றது.

"அட, இன்னும் ஒண்ணு முயலக்கா!"

"வேண்டாம், வயிறு நிறைஞ்சுபோச்சு."

"சும்மா சொல்றீங்க! இந்தாங்க, ரெண்டு!"

"நிஜமாவே வேண்டாம்!"

"நீங்க சாப்பிடலைன்னா நான் கோவிச்சுக்குவேன்!"

முயல் நடுங்கிப்போய்த் தின்றது. தின்னத் தின்ன இன்னும் வந்தது. கடைசியில் வயிறு பானை மாதிரி ஆகி, மல்லாந்து விழுந்து, நாலு காலையும் தூக்கிக்கொண்டு கத்தியது:

"நான் உனக்கு என்னடி துரோகம் பண்ணேன்? வேண்டாம் வேண்டாம்னு சொல்றேன், ஏன் என்னைக் கொல்றே?"

"வேண்டாம்னு எல்லாரும் சொல்றதுதானே அக்கா! பசியா இருக்கிறவங்கதான் முதல்ல வேண்டாம்னு சொல்லுவாங்க!"

"நிஜமாவே வேண்டாம்னா, உங்க ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

தவிட்டாயி யோசித்தாள். "எழுந்து ஓடிடுவாங்க" என்றாள்.

முயலின் காது மெல்ல நிமிர்ந்தது. "அப்போ... அன்னிக்கு என் சூப்பை வேண்டாம்னியே?"

"பசியில சொன்னது அக்கா! நீங்க திரும்பக் கேப்பீங்கன்னு உட்கார்ந்திருந்தேன்."

"ஐயோ! வேண்டாம்னு சொன்னவளைத் திரும்பக் கேட்டா மரியாதை இல்லைன்னு நான் உட்கார்ந்திருந்தேன்! அப்போ விருந்துல எல்லாம் உன் பங்கைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி நீயே சொன்னதா நரி சொல்லுச்சே?"

"அண்ணனா? நீங்கதான் கல்நெஞ்சுக்காரங்க, எதையும் கேட்டுடாதேன்னு என்கிட்ட சொன்னாரே!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போது தவிட்டாயியின் தலையில் வெள்ளையாக ஏதோ வந்து விழுந்தது.

"இது எந்த இலவமரம் அக்கா, இப்படி வெடிச்சுப் பஞ்சு பறக்குது?"

"பஞ்சு இல்லடி, பனி! கரடி கதவைச் சாத்தப் போறார்! பற!"

தவிட்டாயி பறந்தாள். பின்னால் முயல், மிச்சப் பழக்கொத்தை வாயில் கவ்விக்கொண்டு, பாதி ஓடியும் பாதி உருண்டும் வந்தது.

கரடி கொட்டாவி விட்டபடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. நரி ஒரு வத்தல் மூட்டையோடு வாசலில் ஏறிக்கொண்டிருந்தது.

"மாமா, அந்த மேல் அறை..." என்று மூச்சு வாங்கினாள் தவிட்டாயி.

"நீதான் வேண்டாம்னியே. நரிக்குக் கொடுத்துட்டேன்." கரடி நரியைப் பார்த்தது. "உனக்கு ஒரு வளை இருக்கு. இவளுக்கு ஒண்ணுமே இல்லை. விட்டுத் தர்றியா?"

நரி ஓரக்கண்ணால் தவிட்டாயியைப் பார்த்தது. இவள் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். செலவில்லாமல் நல்ல பெயர் வருகிறது, விடுவானேன்?

"அதைக் கேக்கணுமா மாமா?" என்று நெஞ்சை நிமிர்த்தியது. "தங்கச்சிக்கு இல்லாத அறையா? எனக்கு வேண்டாம். வேண்டவே வேண்டாம். தங்கச்சியே எடுத்துக்கட்டும்!"

கரடி திரும்பியது. "உனக்கு வேணுமா?"

தவிட்டாயி அலகைத் திறந்தாள். பழக்கதோஷம், "பரவாயில்லை மாமா" என்பது ஓடிவந்து நாக்கு நுனியில் உட்கார்ந்துகொண்டது. கருவேலங்காட்டு மதினிமார்கள் எல்லாரும் கண்ணுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, "பறக்காவெட்டி, பறக்காவெட்டி" என்று சிரித்தார்கள். நரி வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது. திறந்த அலகுக்குள் ஒரு பனித்துகள் விழுந்தது. அது தொண்டை வரைக்கும் சில்லிட்டது.

"வேணும்!" என்று கத்தினாள். கிளையிலிருந்த பனி பொலபொலவென்று கொட்டியது. "வேணும் மாமா! இப்பவே வேணும்! போர்த்திக்க ஏதாவது இருந்தா அதுவும் வேணும்!"

"சரி" என்றது கரடி. அவளை ஒரு கையிலும் முயலை ஒரு கையிலும் தூக்கி உள்ளே விட்டது.

"மாமா, மாமா! நான் சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னேன்!" என்று பதறியது நரி. "இன்னும் ஒரு தடவை கேளுங்க!"

"எதுக்கு? அதான் ரெண்டு தடவை வேண்டாம்னியே" என்று சொல்லிக் கரடி கதவைச் சாத்தியது.

நரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பனியில் வழுக்கி வழுக்கித் தன் வளைக்கு நடந்தது. "கல்நெஞ்சுக்காரங்க" என்று முணுமுணுத்தது. கேட்கத்தான் அங்கே யாரும் இல்லை.

உள்ளே முயல் அடுப்பைப் பற்றவைத்தது. "சூப் வேணுமா?"

"வேணும்."

"எவ்வளவு?"

"சட்டியோட!"

வெளியே பனி விழுந்துகொண்டே இருந்தது. கரடி குறட்டை விட்டுக்கொண்டே இருந்தது. இப்படிக் குளிர்காலம் பாதி போன ஒருநாள், முயல் மெல்ல மாடியேறி வந்து எட்டிப் பார்த்தது. தவிட்டாயி, மிச்சமிருந்த சிவப்புப் பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"பழம் வேணுமா முயலக்கா?"

"வேண்டாம்" என்றது முயல். ஆனால் எழுந்து ஓடவில்லை. காதைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வேறு எங்கேயோ பார்ப்பது போல உட்கார்ந்துகொண்டது.

தவிட்டாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அட, ஒரே ஒரு பழம்!" என்றாள்.

நீதி: புது ஊருக்குப் போனால், வேண்டியதை வாய் திறந்து கேட்டுப் பார், அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.