மந்திரி கற்றுக்கொடுத்த தொழில்

வேங்கைக்கோட்டை அரண்மனை விருந்தில் அன்றைக்கு மனிதர் அதிரசத்தைக் கடிக்கவில்லை. அதிரசம்தான் மனிதரைக் கடித்தது. அண்டை நாட்டுத் தூதரின் கடைவாய்ப்பல் கையோடு வந்துவிட்டது.

சுட்டவன் மந்திரி அனந்தராயரின் மச்சினன். ராயர் புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தார்: "வேலைக்காரர் ஒவ்வொருவரும் தன் தொழில் நுணுக்கத்தை நான் அனுப்பும் ஆளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்." குதிரைக்காரன் வெள்ளந்தியான ஆள், கற்றுக்கொடுத்தான். மறுநாளே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சமையற்காரர் முத்திருளன் அதைப் பார்த்தவர். கற்க வந்த மச்சினனிடம் மாவு, வெல்லம், எண்ணெய் எல்லாம் சொன்னார். பாகை எந்தப் பதத்தில் இறக்குவது என்பதை மட்டும் விழுங்கிவிட்டார்.

"துரோகி! இவனை நாடு கடத்துங்கள்!" என்று சபையில் குதித்தார் ராயர். அரசர் மாறபூபதியும் தலையசைத்தார்.

விதூஷகர் கூத்தபிரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருட்டென்று எழுந்தார்.

"அரசே, சட்டம் அருமையான சட்டம். மேலேயிருந்து தொடங்காததுதான் கோளாறு. மந்திரியார் தன் தொழிலை இங்கேயே எனக்குக் கற்றுக்கொடுக்கட்டும். ஒளிக்காமல் சொன்னால் முத்திருளனோடு நானும் மூட்டை கட்டுகிறேன். ஒளித்தால்?"

"முத்திருளன் மடைப்பள்ளிக்கே போகலாம்," என்றார் அரசர்.

"குதிரைக்காரனும் லாயத்துக்கு."

"அவன் எதற்கய்யா நடுவில்?"

"இந்தப் பக்கம் இரண்டு தலை வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஒன்றுதானா?"

"சரி, தொலை!"

கூத்தபிரான் நேரே போய் மந்திரியின் ஆசனத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க சாமி."

ராயர் தொண்டையைச் செருமினார். "அரசர் பேசும்போது தலையாட்ட வேண்டும்..."

அரசரின் புருவம் ஏறியது. "இவ்வளவுதானா? இதற்கா உமக்குப் பல்லக்கு?"

"ஐயோ, இல்லை அரசே! எல்லைத் தகராறு, வரி, ஒற்றர்கள்... கடல் போலக் கிடக்கிறது!"

"கடலையே இறக்குங்க சாமி. ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது."

ராயர் தன் ஆசனத்தைப் பார்த்தார். அதில் வசதியாகச் சாய்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"ஏன் ஓய் வாயடைத்துப் போனீர்?" என்று அதட்டினார் அரசர்.

"எல்லாவற்றையும் இவரிடம் சொல்லிவிட்டால், நாளைக்கு எனக்கு இங்கே என்ன வேலை, அரசே?"



"முத்திருளன் இதையேதான் வாய் திறக்காமல் சொன்னார், நாடு கடத்தச் சொன்னீர்கள்," என்றார் கூத்தபிரான். "மந்திரியார் வாய் திறந்தே சொல்லிவிட்டார். இவரை எங்கே அனுப்புவது?"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இவர் இங்கேயே கிடக்கட்டும். அந்தச் சட்டத்தை நாடு கடத்துங்கள்!"