வாசலில் இருந்த நங்கூரம்

இது இங்கிலாந்தின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகப் பட்டணத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை. கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

அந்தப் பட்டணத்தில் ஆம்ப்ரோஸ் விண்டில் என்றொரு வணிகர் இருந்தார். அவருடைய கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் மனிதர்களை ஏற்றும். கடலைத் தாண்டி அவர்களைக் கரும்புத் தோட்டங்களில் விற்றுவிட்டுச் சர்க்கரையோடு ஊர் திரும்பும். ஊரில் யாரும் சர்க்கரையைப் பற்றித்தான் பேசுவார்கள். வட்டத்துக்குள் ஒரு நங்கூரம், அதுதான் அவருடைய முத்திரை. பீப்பாய்களிலும் கொடிகளிலும் அதைப் பார்க்கலாம்.

அதே ஆம்ப்ரோஸ், பெற்றோர் இல்லாத குழந்தைகளுக்கு ஒரு பெரிய இல்லம் கட்டினார். சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய், குழந்தைகள் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்களா என்று நின்று பார்ப்பார். அது நடிப்பு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். வாசலுக்கு மேலே கல்லில் அவர் பெயரும் நங்கூரமும் செதுக்கப்பட்டிருந்தன.

சாகும் தறுவாயில் மனைவி ஹெஸ்டர், மகன் எட்மண்ட், மகள் தபிதா மூவரையும் அழைத்து இரண்டு வாக்குறுதிகள் கேட்டார்.

"என் பெயரையும் முத்திரையையும் அந்த வாசலிலிருந்து யாரும் எடுக்கக் கூடாது. அந்த வாசலுக்கு வரும் எந்தக் குழந்தையும் திரும்பிப் போகக் கூடாது."

மூவரும் அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்கள். அன்றே அவர் கண்ணை மூடினார்.

சில ஆண்டுகள் கழித்து, இலையுதிர்காலத்தில் ஒரு மழை நாளில், கரும்புத் தோட்டத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்த அபேனா என்ற கறுப்பினப் பெண் ஒருத்தி சின்ன மகளோடு அங்கே வந்தாள். அவளுக்கு நெஞ்சு நோய். இருமும்போது துணியில் ரத்தம் வந்தது. தான் போன பிறகு மகளுக்கு யாரும் இல்லை. அநாதைக் குழந்தைகளைச் சேர்க்கும் வீடு ஒன்று இருக்கிறது என்று யாரோ வழி சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வாசலை அண்ணாந்து பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போது விண்டில் குடும்பம் மூவரும் உள்ளேதான் இருந்தார்கள். தபிதா வெளியே வந்து, "ஏன் மழையில் நிற்கிறாய், உள்ளே வா" என்றாள்.

அபேனா தோள் துணியை விலக்கிக் காட்டினாள். வட்டத்துக்குள் நங்கூரம். காய்ச்சிய இரும்பால் போட்ட தழும்பு.

தபிதா திரும்பித் தாயைப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த முத்திரை பீப்பாய்களுக்கு என்றுதான் உன் அப்பா சொல்வார்" என்றாள் ஹெஸ்டர்.

"இதன் கீழே என் மகளை அனுப்ப மாட்டேன்" என்றாள் அபேனா.

எட்மண்ட் பதறவில்லை. "கதவு திறந்திருக்கிறது. நாங்கள் யாரையும் துரத்தவில்லை. வர மறுப்பது நீதான். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் ஊர் வணிகர்கள் குளிருக்கு எரிக்கக் கரியும், சாப்பாட்டுக்கு மாவும் அனுப்புகிறார்கள். அதை எடுத்தால் உள்ளே இருக்கும் குழந்தைகள் என்ன ஆவார்கள்?" அவன் சொன்னதில் பொய் இல்லை.

ஹெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பின்னால் சமையலறை வாசல் இருக்கிறது, அம்மா. அங்கே எந்த முத்திரையும் இல்லை. அந்த வழியாகக் கூட்டிப் போகிறேன். என் மகளைப் போலப் பார்த்துக்கொள்வேன்."

"எந்த வழியாகப் போனாலும் இவள் வளரப்போவது இங்கேதானே? யார் வீட்டில் வளர்ந்தாய் என்று கேட்டால் அந்த ஆளின் பெயரை நன்றியோடு சொல்லுவாள்" என்றாள் அபேனா. மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

தபிதா அவளைத் தெரு முனையில் ஓடிப் பிடித்தாள். "கொஞ்ச நேரம் இரு" என்று கெஞ்சி அழைத்து வந்தாள். துறைமுகத்தில் ஒரு தச்சரிடம் ஏணியும் சுத்தியலும் உளியும் வாங்கி வந்து, ஊரே பார்க்க, அப்பாவின் பெயரையும் முத்திரையையும் தன் கையாலேயே கொத்தி எடுத்தாள். பழகாத கை, விரல்களில் ரத்தம் வந்தது. எட்மண்ட் கீழே நின்று, "சாகிறவருக்குக் கொடுத்த வாக்கு, தபிதா!" என்று கத்தினான். "தெரியும் அண்ணா" என்றாள் அவள். எதிர்ப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அபேனா, கடைசித் துண்டு விழுந்ததும் எழுந்து, மகளை முன்வாசல் வழியாகவே உள்ளே அழைத்துப் போனாள். அந்தக் குளிர்காலத்திலேயே அவள் இறந்தாள்.

எட்மண்ட் சொன்னபடியே நடந்தது. வணிகர்கள் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு கரியை நிறுத்தினார்கள். தபிதாவுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. குளிர் கடுமையானபோது இல்லத்தில் ஒரு கைக்குழந்தை இறந்துபோனது. கரி இருந்திருந்தால் அது பிழைத்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அபேனாவின் மகள் பிழைத்து வளர்ந்தாள்.

இப்போது சொல்லுங்கள். வாக்கையும் மற்றக் குழந்தைகளையும் காக்க நினைத்த எட்மண்ட், பின்வாசலைத் திறந்த ஹெஸ்டர், வாக்கை மீறிய தபிதா: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: எட்மண்டும் ஹெஸ்டரும் இரண்டு வாக்கையும் காப்பாற்றியதாகவே நம்பினார்கள். ஆனால் ஒருத்தியால் நுழைய முடியாத கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அவள் குழந்தை திரும்பித்தான் போகும். ஆகவே இரண்டில் ஒரு வாக்கு உடைந்தே தீர வேண்டும். ஒன்று இறந்தவரின் பெருமைக்காகக் கொடுத்தது. மற்றது இனி வரப்போகும் குழந்தைகளுக்காகக் கொடுத்தது. பெருமைக்கான வாக்கை உடைத்த தபிதா செய்ததே சரி. அவள் தான் வாக்குத் தவறியதை யாரிடமும் மறைக்கவும் இல்லை. அந்தக் கைக்குழந்தையின் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டவர்களிடம், கரியை நிறுத்தியவர்களை அவள் ஒருநாளும் கை காட்டவில்லை.