தாய் எடுத்த கை

டாக்டர் மாசிலாமணிக்குத் தன் கையின் மேல் அபார நம்பிக்கை. கடவுளின் மேல் கிடையாது. கடல் கடந்து அந்த மலைநாட்டு மடத்து ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே, தன்னைவிட வயதில் சின்னவரான மதர் லூர்திடம் சொல்லிவிட்டார்.

"நீங்க ஜெபம் பண்ணுங்க மதர். என் கத்திக்கு அது பக்கவாத்தியமா இருந்துட்டுப் போகட்டும்."

மதர் சிரித்துக்கொண்டார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளி எழுந்து உட்காரும்வரை வீட்டார் யாராவது அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். கையை விட்டால் உயிர் நழுவிவிடும் என்று நம்பிக்கை. மதர் அதைத் தடுத்ததில்லை.

குடல்வால் வெடித்து வந்த சிறுவன் தெபேயின் பாதத்தை, ஆபரேஷன் முடிந்த பின்னும் அவன் தாய் விடவில்லை. டாக்டருக்கு எரிச்சல் மூண்டது. கற்று வைத்திருந்த கொஞ்சநஞ்ச ஊர்ப் பாஷையில் அதட்டினார்.

"கைய எடு. வெளிய போய் இரு. நாளைக்கு இவன் உட்கார்ந்து கஞ்சி குடிப்பான். நான் சொல்றேன்."

அவள் டாக்டரின் முகத்தையே பார்த்தாள். நம்பினாள். கையை எடுத்துவிட்டு வெளியே போனாள்.

விடியுமுன் பையன் போய்விட்டான். அம்மாவைக் கேட்டுக் கேட்டுத்தான் போனான், பாவம். டாக்டரின் உத்தரவை மீறி அவளைக் கூப்பிட நர்சுகளுக்குத் தைரியம் வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் டாக்டர் மதரைத் தேடிப் போனார். முற்றத்தில் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்த மதர், ஒன்றின் மறுமுனையை அவர் கையில் கொடுத்தார்.

"மதர், அவ கைய எடுக்காம இருந்திருந்தா பையன் பிழைச்சிருப்பானா?"

"டாக்டர் நீங்க. நீங்க சொல்லுங்க."

"மாட்டான். ரத்தமெல்லாம் விஷம் ஏறியிருந்துது."

"அப்புறம் என்ன?"

டாக்டர் தன் கையிலிருந்த முனையை மதரின் முனையோடு சேர்த்தார்.

"தனியா போயிருக்க மாட்டான்."

மதர் மறுக்கவில்லை. மடித்த போர்வையை அவர் கையிலேயே வைத்தார். அது தெபேயினுடையது.

"இத வாங்கிட்டுப் போக அவன் அம்மா வாசல்ல உட்கார்ந்திருக்கா. அவளும் இதையேதான் கேட்டா. தான் கைய எடுத்ததுனாலதான் பிள்ளை போயிட்டானான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டாக்டர் வந்து சொல்லுவார்னேன்."

"நீங்களே சொல்லிடுங்க மதர். நான் எந்த முகத்தோட அவகிட்ட போவேன்?"

"கைய எடுன்னு சொன்னீங்களே, அந்த முகத்தோடதான். அது சொன்னாத்தான் அவ நம்புவா."