பத்து என்று எழுதிய பலகை

மஞ்சக்கரை ஆசிரமத்தின் குரு திலகவதிக்கு வயது முப்பத்தொன்று. அவருடைய சிஷ்யை சுகந்தி, நெடுஞ்சாலைத் துறையில் என்ஜினீயர், ஒன்பது வயது மூத்தவள். இவள் அவரை வாய் நிறைய அம்மா என்பாள். அவர் இவளை அக்கா என்பார்.

ஆசிரமத்தின் பாலர் பள்ளி சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. திங்கட்கிழமை சுகந்தியின் மகளும் அதில் சேரப் போகிறாள். மூன்றரை வயது. கையைப் பிடித்தால் உதறிவிட்டு ஓடுகிற பிள்ளை.

பள்ளி வாசலில் வேகம் இருபது என்று பலகை ஏற்கெனவே இருக்கத்தான் செய்தது. ஒருவரும் மதிப்பதாயில்லை. சுகந்தி ஒரு பால்வண்டிக்காரரை நிறுத்திக் கேட்டாள். பாலத்தில் அறுபது, வளைவில் நாற்பது, இங்கே இருபது, ஒரே மைலில் இத்தனை நம்பர் எழுதிவைத்தால் இது வேகமா லாட்டரிச் சீட்டா மேடம் என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

மூன்றையும் வைத்தவள் சுகந்திதான். பஸ் முதலாளிகள் முணுமுணுத்தபோது அறுபது. கவுன்சிலர் சொன்னபோது நாற்பது. பள்ளிக்கூடம் மனுக் கொடுத்தபோது இருபது.

இப்போது ஜீப்பில் புதுப் பலகை ஒன்றோடு வந்திருந்தாள். அதில் பத்து என்று எழுதியிருந்தது.

"பத்து போதுமாம்மா? இல்ல, அஞ்சுன்னு மாத்திடட்டுமா?"

குரு அவளைச் சாலையோரம் கூட்டிப் போனார்.

"இருபதுல வர்ற வண்டி, ஆளைப் பார்த்தா நின்னுடுமாக்கா?"

"நின்னுடும்மா. அதுக்குத்தானே இருபது."

"அப்போ கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் போங்க."

சுகந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கண்ணை மூடி ஒரு காலை எடுத்து வைத்தாள். மேலே வளைவில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. வெடுக்கென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். லாரி புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று.

"ஏங்க்கா, நீங்க வச்ச பலகைதானே?"

"இன்னிக்கு வியாழக்கிழமைம்மா." சுகந்தியின் குரல் தணிந்துவிட்டது. "போலீஸ் செவ்வாய்க்கிழமைதான் நிப்பாங்க. அதுவும் மத்தியானம் வரைக்கும். மத்த நாள்ல இவங்க..."



குரு எதிர்ப்பக்கத்துப் பள்ளியைப் பார்த்தார்.

"அது லாரிக்காரருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்," என்றார். "பாப்பாவுக்குக் கிழமை சொல்லிக் குடுத்துட்டீங்களாக்கா?"