சிறகு விரித்த படம்

பேராச்சிக்குளத்துக் கரையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவின் பெயர் ஜெபக்கனி. வயது முப்பத்தெட்டு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தாள். சீடர் நயினாருக்கு அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குரு என்றால் தாடி இருந்தாக வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே விட்டுவிடலாம்.

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்தவள் இல்லை, அவருக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஐந்து வருஷமாக நயினார் கேமராவோடு ஒரே பறவையின் பின்னால் அலைந்தார். நாணல் குருவி. மங்கிய மண் நிறம், பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் தண்ணீருக்கு மேலே நாலைந்து நாணல் தண்டுகளைச் சேர்த்து நாரால் சுற்றி ஒரு கிண்ணம் பின்னும். அதைப் பார்த்த அன்றே மனிதர் சொக்கிப்போனார்.

முதல் வருஷம் படமெல்லாம் கலங்கல். இரண்டாம் வருஷம் கூடு கிடைத்தது, குருவி முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் வருஷம் ஒரே மழையில் கூடு முழுகியது. நாலாம் வருஷம் முட்டை வரைக்கும் வந்தபோது அவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஜெபக்கனி அவருக்குச் சொன்ன கட்டளை ஒன்றே ஒன்று. "கூட்டுக்கு முன்னால நாணல் மறைச்சா மறைக்கட்டும் அண்ணாச்சி. வெட்டிராதீங்க."

அவர் வெட்டவில்லை.

ஐந்தாம் வருஷம் குளத்தில் முக்கால்வாசி நாணலை இயந்திரம் வைத்து வாரிவிட்டார்கள். மிச்சமிருந்த மேல்மடைப் பக்கம் ஒரே ஒரு ஜோடி வந்தது. மூன்று குஞ்சு பொரித்தது. நயினாருக்குப் படம் கிடைத்தது. மாவட்டக் கண்காட்சியில் வாசலிலேயே மாட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவு நடந்தும், படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தவரின் முகம் செத்துக் கிடந்தது.

படத்தில் தாய்க்குருவி கூட்டின் விளிம்பில் நின்று, இரண்டு சிறகையும் முழுக்க விரித்திருந்தது. வாய் திறந்திருந்தது. சிறகுக்குக் கீழே மூன்று தலைகள்.

"படம் நல்லா வந்திருக்கு," என்றாள் ஜெபக்கனி.

"அன்னைக்கு சாயங்காலமே மூணும் செத்துப்போச்சு டீச்சர்."

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாம்பு வரல. காக்கா வரல. ஒரு காயம் இல்ல, ஒரு கீறல் இல்ல. மூணும் அப்படியே கெடந்துச்சு. அஞ்சு வருஷமா அதுகூடவே கெடக்கேன், எனக்கு ஒண்ணும் வெளங்கல. எதனால செத்துச்சு?"

"முன்னால இருந்த நாணல் எங்கே அண்ணாச்சி?"

"வெட்டல டீச்சர். நீங்க சொன்னத நான் மீறுவேனா? ரெண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டுனேன். ஒரு தண்டு ஒடியல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முப்பத்து மூன்று வருஷம் கம்பத்தில் ஏறி முடிச்சுப் போட்ட கை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. அந்தக் கயித்தையும் கொண்டாங்க," என்றாள்.

மறுநாள் இருவரும் முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள். நாணலுக்குள் நல்ல குளிர்ச்சி. காலிக்கூடு அப்படியே இருந்தது. தாய் இல்லை. அந்தக் கரையிலேயே அந்த இனத்தின் சத்தம் இல்லை.

ஜெபக்கனி அவரைக் கூட்டின் பக்கத்தில், தலை கூட்டின் மட்டத்துக்கு வரும்படி குனிந்து நிற்கச் சொன்னாள். பிறகு முன்னால் இருந்த நாணலை இரண்டு பக்கமும் ஒதுக்கி, அவர் கட்டிய மாதிரியே கட்டினாள்.

"எதுக்கு டீச்சர்?"

"கேட்டீங்கல்ல. நில்லுங்க."

அவள் கரையேறிப் போய்விட்டாள்.

பங்குனி வெயில். மேலேயிருந்து இறங்கியது போதாதென்று தண்ணீரிலிருந்தும் எதிரடித்தது. நயினாருக்கு வெயில் புதிதல்ல, உச்சிவெயிலில் கம்பத்தில் தொங்கியவர்தான். ஆனால் கம்பத்தில் இருந்தால் நகரலாம், இறங்கலாம். கால்மணி நேரத்தில் வழுக்கைத் தலை பற்றி எரிந்தது. கூட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சுட்டது. சட்டென்று எடுத்துக்கொண்டார். வாய் தானாகத் திறந்து மூச்சு வாங்கியது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரித்துக்கொண்டார்.

"கையை ஏன் தூக்குறீங்க?" கரையிலிருந்து அவள் கேட்டாள்.

"வெயில் தாங்க முடியல டீச்..."

வார்த்தை முடியவில்லை. கை அப்படியே நின்றது. அவர் தன் கையைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். பிறகு அந்த ஆள் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதார். அறுபத்திரண்டு வயசுக்கு அது பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் வேறு என்ன செய்ய முடியும்?

ஜெபக்கனி இறங்கி வந்து கயிற்றை அவிழ்த்தாள். லேசில் அவிழ்ந்தது, அவள் போட்ட முடிச்சு அவ்வளவுதான். நாணல் சாய்ந்து வந்து இருவரையும் மூடியது.

"அது றெக்கைய விரிச்சதும் கும்புட்டுக்கிட்டே எடுத்தேன்," என்றார் நயினார். "அம்மா புள்ளைய அணைக்கான்னு நெனச்சேன். அது வெயில மறைச்சிருக்கு. பேட்டரி தீர்ந்துச்சு. சார்ஜ் போட்டுட்டு, சாப்பிட்டுட்டு வருவோம், சாயங்கால வெளிச்சம் நல்லாருக்கும்னு கட்டை அவுக்காம அப்படியே விட்டுட்டுப் போனேன்."

அவள் கயிற்றைச் சுருட்டினாள்.

"வெட்டக்கூடாதுன்னு சொன்னீங்க. கட்டக்கூடாதுன்னு ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கணும். அது என் தப்பு," என்றாள் ஜெபக்கனி.

கரையில் ஏறி உட்கார்ந்தார்கள். நயினார் ஈர வேட்டியைப் பிழிந்தார், மறுபடியும் பிழிந்தார்.

"கண்காட்சியிலிருந்து படத்தைத் திரும்ப வாங்கிரட்டா?"

"வேண்டாம். வாசல்லயே இருக்கட்டும்."

"கீழ ஒரு பேரு எழுதணும்ங்காங்க. 'தாய்மை'ன்னு குடுத்திருந்தேன். இப்ப என்ன எழுத?"

ஜெபக்கனி குளத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"பேரு வேண்டாம் அண்ணாச்சி. நாணலைக் கட்டுனது எத்தனை மணிக்கு, அவுத்தது எத்தனை மணிக்கு, அதை மட்டும் எழுதுங்க."